கத்தரிப்புக் கெழு: ‘கிராப் ஃபேக்டர்’ என்ற சொல்லுக்குத் தமிழ்

கோலாலம்பூரில் திருமணப் படம் எடுக்கும் நம்மவர்களிடையே ‘கிராப் ஃபேக்டர்’ (crop factor) அன்றாடச் சொல். ‘இந்தக் கேமராவுக்குக் கிராப் எவ்வளவு?’ என்று கேட்டுவிட்டே லென்ஸைத் தேர்ந்தெடுப்பார்கள். அதே சொல்லை இயந்திர மொழிபெயர்ப்பில் இட்டுப் பார்த்தால் ‘பயிர்க் காரணி’ என்று வந்து நிற்பதுண்டு. வயலுக்கும் கேமராவுக்கும் என்ன தொடர்பு என்று தெரியாமல் புதிதாகத் தொழில் கற்கும் இளைஞர் திகைக்கிறார். தொடர்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது மொழிபெயர்ப்பு காட்டும் இடத்தில் இல்லை.

பழைய ஆங்கிலத்தில் ‘கிராப்’ என்னும் சொல் செடியின் தலைப்பகுதியை, அதாவது கதிரைக் குறித்தது. கதிரை அறுக்கும் செயலுக்கு அதுவே வினையாயிற்று. அறுத்துக் கிடைத்த விளைச்சலுக்கும் பெயராயிற்று. பின்னர்த் தலைமயிரைக் குட்டையாக வெட்டுவதையும், படத்தின் ஓரங்களை நீக்குவதையும் குறிக்கலாயிற்று. இதே சொல் வேறு வழியில் தமிழுக்கு முன்பே வந்துவிட்டது: குடுமியை எடுத்துவிட்டு நம் தாத்தாக்கள் வைத்துக்கொண்ட ‘கிராப்பு’ இதுதான். எனக்குப் பெருமகிழ்ச்சி தருவது, தமிழின் ‘கொய்’ என்னும் வினையும் ஏறத்தாழ இதே பாதையில் நடந்திருப்பதாகும். தினை கொய்தல் என்கிறோம். பிடரி மயிர் கத்தரிக்கப்பட்ட குதிரையைச் சங்கப் பாடல் ‘கொய்சுவல் புரவி’ என்கிறது. கதிரும் மயிரும் ஒரே வினையில் அடங்கிவிடுகின்றன.

இனிப் பொருளுக்கு வருவோம். லென்ஸ் கேமராவுக்குள் வீழ்த்தும் பிம்பம் வட்டமானது. அந்த வட்டத்திலிருந்து ஒரு செவ்வகத்தை மட்டுமே உணரி, அதாவது ஒளியைப் படமாக்கும் ‘சென்சார்’, எடுத்துக்கொள்கிறது. செவ்வகம் சிறியதானால் காட்சியின் ஓரங்கள் வெளியே நின்றுவிடும். எவ்வளவு வெளியே நிற்கிறது என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். சினிமாச் சுருளைக் கொண்டு ஓஸ்கர் பர்நாக் வடிவமைத்து, 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா கேமராவின் 36×24 மி.மீ. சட்டகமே அந்த அளவுகோலாக நிலைத்துவிட்டது. அதன் மூலைவிட்டம் 43.3 மி.மீ. இதனை நம் உணரியின் மூலைவிட்டத்தால் வகுத்தால் கிடைப்பதே கிராப் ஃபேக்டர் என்னும் எண். 23.5×15.6 மி.மீ. அளவுள்ள ஏபிஎஸ்-சி உணரிக்கு 1.5 எனவும், 17.3×13 மி.மீ. உணரிக்கு 2 எனவும் வரும்.

50 மி.மீ. லென்ஸை 1.5ஆல் பெருக்கி, ‘50 லென்ஸ் 75 ஆகிவிடும்’ என்று பலரும் சொல்வது சரியன்று. லென்ஸின் குவியத்தூரம் (50 மி.மீ. என்பதுபோல் அதன்மேல் குறித்திருக்கும் அளவு) எந்தக் கேமராவில் பொருத்தினாலும் மாறுவதில்லை. சுருங்குவது பார்வைக்கோணம் மட்டுமே. நின்ற இடத்தை மாற்றாதவரை, முன்னிற்பவருக்கும் பின்னிற்பவருக்கும் இடையே படத்தில் தெரியும் அளவு வேறுபாடும் மாறுவதில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய மண்டபத்தை எண்ணிக்கொள்ளுங்கள். மணவறைக்கு 4 மீட்டர் முன்னால் நிற்கிறீர்கள். பின்னால் நாற்காலி வரிசை தொடங்கிவிட்டதால் நகர வழியில்லை. 24 மி.மீ. லென்ஸைக் கொண்டு முழுச்சட்டக உணரியில் (36×24 மி.மீ.) நிழற்படம் எடுத்தால் 6 மீட்டர் அகலம் கிடைக்கும். மணமக்களும் இருபுறத்துப் பெற்றோரும் தோழியும் அதில் அடங்குவார்கள். ஏபிஎஸ்-சி உணரியில் கிடைப்பது 3.9 மீட்டரே. பெற்றோர் பாதித் தோளோடு நிற்பார்கள்.

காணொளியில் கணக்கு மேலும் மாறுகிறது; பலர் ஏமாறுவது இங்கேதான். நிழற்படச் சட்டகம் 3:2, காணொளிச் சட்டகம் 16:9. உணரியின் முழு அகலத்தையும் பயன்படுத்தினாலும் உயரம் 24இலிருந்து 20.25 மி.மீ. ஆகக் குறையும். அதே மண்டபத்தில், 4 மீட்டர் உயரம் தெரிந்த இடத்தில் ஏறத்தாழ 3.4 மீட்டர்தான் தெரியும். மணவறையின் உச்சியில் கட்டிய மாவிலைத் தோரணம் காணாமற்போகும்.

சில கேமராக்கள் அகலத்தையும் குறைத்துவிடுகின்றன. 2016இல் வந்த கேனன் 5டி மார்க் 4 கேமராவின் உணரியில் 6720×4480 படப்புள்ளிகள் உள்ளன. 4கே காணொளிக்கு அது நடுவிலுள்ள 4096×2160 புள்ளிகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. மூன்று கோடிப் புள்ளிகளை நொடிக்கு முப்பது முறை படித்து முடிப்பது வேகத்துக்கும் வெப்பத்துக்கும் பெருஞ்சுமையாதலால் இந்த வழி கையாளப்படுகிறது. இதன் கெழுவை அகலத்தால் கணித்தால் 1.64, மூலைவிட்டத்தால் கணித்தால் 1.74. ஒரே கேமராவுக்கு இரண்டு எண்கள் வழங்குவதன் காரணம் இதுவே. இரண்டும் சரியானவை, எதை அளந்தோம் என்று சொல்லியாக வேண்டும். மின்னணு நிலைநிறுத்தியை இயக்கினால், அசைவை ஈடுகட்ட அதுவும் ஓரத்தைச் சற்று எடுத்துக்கொள்ளும்.

தமிழ்ச்சொல் எது? மென்பொருள்களில் காணும் ‘செதுக்கு’ சிற்பியின் உளியை நினைவூட்டுகிறது. இங்கே எதுவும் வடிவம் பெறுவதில்லை, ஓரம் கழிகிறது, அவ்வளவே. ‘காரணி’ என்றால் ஏதோ ஒன்றை விளைவிப்பது என்ற எண்ணம் எழும். இதுவோ பெருக்கிப் பார்க்கும் எண், ஆகவே கணிதத்தில் வழங்கும் ‘கெழு’ பொருந்தும். ‘கொய்வுக் கெழு’ என் மனத்துக்கு மிக நெருக்கமானது. ஆயினும் கொய்தல் இன்று பூவோடு நின்றுவிட்டது. ஓரத்தைக் கத்தரித்தல் என்றால் எவருக்கும் விளங்கும் என்பதால் ‘கத்தரிப்புக் கெழு’ என்றே எழுதிவருகிறேன்.

கேமராவின் விவரத்தைத் தமிழில் எழுதுவோர் நிழற்படத்தின் கத்தரிப்புக் கெழு, காணொளியின் கத்தரிப்புக் கெழு என இரண்டையும் தனித்தனியே குறிப்பது நல்லது. மேற்சொன்ன 1.64 கெழுவில் அதே 6 மீட்டர் அகலம் வேண்டுமானால், 24ஐ 1.64ஆல் வகுத்து 14.6 மி.மீ. அளவிலோ அதற்குக் குறைவாகவோ ஒரு லென்ஸை மண்டபத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.