சிபியு சும்மா இருக்கிறது, சாஃப்ட்வேர் ஏன் ஊர்கிறது?

மாதக் கடைசியில் பில்லிங் சாஃப்ட்வேர் திணறுகிறது. சர்வரில் சிபியு 40 சதவீதத்தைத் தாண்டவில்லை, மெமரியும் மிச்சம் இருக்கிறது. இந்த நிலையில் இன்னொரு சர்வர் வாங்கினால் பெரும்பாலும் பணம்தான் கரையும். கோரிக்கைகள் எதற்கோ காத்துக் கிடக்கின்றன. எதற்கு என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

காத்திருப்பு சீராக ஏறுவதில்லை. கோரிக்கைகள் தாறுமாறான இடைவெளியில் வரும் எளிய ஒற்றை வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலைக்குச் சராசரியாக 10 மில்லி விநாடி ஆகிறது. 50 சதவீதச் சுமையில் பதில் வர 20 மில்லி விநாடி. 90 சதவீதத்தில் 100, 95-ல் 200. நேற்றுவரை ஒழுங்காக ஓடியது, கொஞ்சம் பேர் கூடியதும் படுத்துவிடுவது இதனால்தான்.

அடைப்பு பெரும்பாலும் டேட்டாபேஸில் இருக்கும். மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் மெதுவான குவெரிகளின் (டேட்டாபேஸிடம் நிரல் அனுப்பும் கேள்விகளின்) பதிவை இயக்கினாலும், அதன் இயல்பு வரம்பு 10 விநாடி. அதற்குக் குறைவானது எதுவும் அதில் விழாது. 20 மில்லி விநாடி குவெரி ஒன்று நாளுக்கு 2 லட்சம் முறை ஓடினால் மொத்தம் 4,000 விநாடி. எல்லோரும் திட்டுகிற 40 விநாடி ரிப்போர்ட் 3 முறை ஓடினால் வெறும் 120. எனவே மொத்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் (pg_stat_statements) என்ற நீட்டிப்பு இந்தக் கணக்கைத் தரும்.

அப்படி மேலே வருபவற்றில் இரண்டு பழைய முகங்கள் உண்டு. ஒன்று, 100 இன்வாய்ஸ் பட்டியலுக்கு வாடிக்கையாளர் பெயரை ஒவ்வொன்றாகக் கேட்டு 101 குவெரி அனுப்பும் நிரல். இரண்டு டேபிள்களையும் ஒரே குவெரியில் இணைக்கும் ஜாயின் போட்டால் ஒன்றோடு முடியும். இன்னொன்று, டேபிளில் தேதி இருக்கும் நெடுவரிசையின் மேல் ஃபங்ஷன் போட்டு ஒப்பிடுவது. அந்த நெடுவரிசைக்கு இருக்கும் சாதாரண இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அகரவரிசை போன்றது) அதற்கு உதவாது. ‘இந்த நாள் முதல், மறுநாளுக்கு முன்’ என்று வரம்பாக எழுதினால் உதவும்.

குவெரிகள் வேகமாக இருந்தும் ஊர்ந்தால், பூட்டுகளைப் பாருங்கள்: ஒருவர் மாற்றும் ரெக்கார்டை முடியும்வரை மற்றவர் மாற்றாமல் தடுப்பவை இவை. அடுத்த இன்வாய்ஸ் எண் ஒரே ரெக்கார்டில் இருக்கிறது என்று வையுங்கள். நிரல் டிரான்ஸாக்ஷனை (ஒன்றாகவே நிறைவேற வேண்டிய மாற்றங்களின் தொகுப்பை) தொடங்கி, எண்ணை ஏற்றி, வெளிச் சர்வருக்கு மின்னஞ்சல் அனுப்பி, பிறகுதான் கமிட் செய்கிறது, அதாவது மாற்றங்களை உறுதிப்படுத்துகிறது. மின்னஞ்சலுக்கு 3 விநாடி ஆனால் அந்த ரெக்கார்டு 3 விநாடி பூட்டிக் கிடக்கும். நிமிடத்துக்கு 20 இன்வாய்ஸ்தான், எத்தனை சர்வர் வைத்தாலும். மின்னஞ்சலை கமிட்டுக்குப் பின் ஓடும் தனி வரிசைக்குத் தள்ளி, எண் எடுப்பதை டிரான்ஸாக்ஷனின் கடைசிக்குக் கொண்டுபோங்கள். பூட்டு 15 மில்லி விநாடியாகச் சுருங்கினால், அந்த இடத்தின் உச்சவரம்பு நிமிடத்துக்கு 4,000.

கனெக்ஷன் பூலை, அதாவது டேட்டாபேஸுக்குத் திறந்து வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பை, பெரிதாக்குவது பலரின் முதல் மருந்து. பெரும்பாலும் நோயை வளர்ப்பதும் அதுதான். தலா 20 கனெக்ஷன் திறக்கும் 8 அப்ளிகேஷன் சர்வர் என்றால் 160. போஸ்ட்கிரெஸின் இயல்பு உச்சவரம்பு 100. வரம்பை உயர்த்தினாலும் சிபியு கோர்களும் டிஸ்க்கும் கூடிவிடாது, அடிதடிதான் கூடும். மொத்தக் கனெக்ஷன்களை டேட்டாபேஸ் சர்வரின் கோர்களின் இருமடங்கை ஒட்டித் தொடங்கி, அளந்து பார்த்து ஏற்றுங்கள். மற்ற கோரிக்கைகள் பூலுக்கு வெளியே நிற்கட்டும்.

காத்திருந்து சலித்தவர் பொத்தானை மறுபடி அழுத்துவார். பழைய குவெரி உள்ளே ஓடிக்கொண்டே இருக்க, புதியதும் சேரும். டேட்டாபேஸின் நேர வரம்பை அப்ளிகேஷனுடையதைவிடக் குறைவாக வைத்தால் அநாதைக் குவெரிகள் செத்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதே நெரிசல் நேரத்தில் 95-வது சதமானத்தை (நூற்றில் 95 கோரிக்கைகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன என்பதை) ஒப்பிடுங்கள், சராசரி ஏமாற்றும். நெரிசலுக்கு நடுவே போஸ்ட்கிரெஸில் இன்டெக்ஸ் போட நேர்ந்தால் கன்கரன்ட்லி (CONCURRENTLY) என்ற சொல்லைக் கட்டளையில் சேருங்கள். அது இல்லாவிட்டால், இன்டெக்ஸ் கட்டி முடியும்வரை அந்த டேபிளில் யாரும் எழுத முடியாது.