காலையில் ஆழ்கடல், மாலையில் நுவரெலியாவா?

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பறக்கும் பயணிகள் விமானத்துக்குள் இருக்கும் காற்றமுக்கமும் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீற்றர் உயரத்துக்கு உரியதுதான். ஆழ்கடலில் சுழியோடிவிட்டு வந்த உடம்புக்கு எங்கள் ஊருக்கு வேனில் ஏறுவதும் விமானத்தில் ஏறுவதும் ஒன்றுதான். மாலைதீவில் டைவிங் முடித்தவர்கள் பிளேன் ஏறும் முன் மணி பார்க்கிறார்கள். திருகோணமலையில் காலையில் முங்கிவிட்டு அன்று மாலையே நுவரெலியா வீதியின் றம்பொடை வளைவுகளில் ஏறுகிறவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இப்போது பாசிக்குடா, மாலைதீவு என்று கடற்கரை ஹோட்டல்களில் வேலை செய்கிறார்கள். சிலர் டைவிங் கற்று, 30 மீற்றர் வரை போகும் அட்வான்ஸ்ட் கோர்ஸும் முடித்திருக்கிறார்கள். கிடைப்பது இரண்டு மூன்று நாள் லீவு. கடைசி டைவை முடித்த ஈரம் காயும் முன்னே பஸ் பிடிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

கடலில் 10 மீற்றர் இறங்கினால் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். 30 மீற்றரில் மேற்பரப்பைப் போல நான்கு மடங்கு. சிலிண்டரில் இருக்கும் சாதாரணக் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைதரசன். அந்த அமுக்கத்தில் அது இரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்பிலும் கரைந்து தங்கிவிடும். கரைக்கு வந்த பிறகு மணிக்கணக்கில், மூச்சு வழியே, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியேறும். அது போய் முடியுமுன் நுவரெலியாவுக்கு ஏறினால் வெளி அமுக்கம் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. கரைந்திருந்த வாயு மூட்டிலும் தோலிலும், மோசமான நேரங்களில் முதுகுத்தண்டிலும், குமிழாகிறது. டிகம்ப்ரெஷன் சிக்னஸ் என்ற நோய் இதுதான்.

எல்லா டைவும் ஒன்றல்ல. அமைதியான கடலில் 12 மீற்றரில் மீன் பார்த்துவிட்டு வருவது வேறு, நீரோட்டம் அடிக்கும் ஆழமான முருகைக்கற்பாறையில் முங்குவது வேறு. மாலைதீவின் தீவுக்கூட்டங்களுக்கு இடையிலுள்ள வாய்க்கால்களில் வற்றும் பெருக்கும் ஆறு மாதிரி ஓடும். சுறாவும் திருக்கையும் அங்கேதான் கூடும், ஆட்களும் அங்கேதான் போக ஆசைப்படுவார்கள். ஓட்டத்தை எதிர்த்து நீந்தும்போது தசைகளுக்கு இரத்தம் கூடுதலாகப் பாயும், நைதரசனும் கூடுதலாக ஏறும். ஆழத்தில் ஏற்கெனவே வேகமாகத் தீரும் காற்று இன்னும் வேகமாகத் தீரும். பாறை விளிம்பில் கீழே இழுக்கும் ஓட்டம் சிக்கினால் பதற்றத்தில் விறுவிறுவென்று மேலே வந்துவிடுவார்கள். நைதரசன் வெளியேற 5 மீற்றரில் 3 நிமிடம் நிற்க வேண்டியதும் தவறிப்போகும். கையில் கட்டிய டைவ் கம்ப்யூட்டருக்கு ஆழமும் நேரமும் தெரியும். நீங்கள் ஓட்டத்தோடு மல்லுக்கட்டியது பெரும்பாலும் அதற்குத் தெரியாது. அதனால் அது பச்சை காட்டினாலும் நான் அதை முழுதாக நம்பமாட்டேன்.

சரி, எவ்வளவு நேரம் பொறுப்பது? விமானப் பயணத்துக்குப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு இது: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒரு நாளில் பலமுறையோ பல நாட்கள் தொடர்ந்தோ முங்கியிருந்தால் 18 மணி நேரம். மட்டக்களப்புக் கடலில் 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கிய ஹேர்மிஸ் போர்க்கப்பல் கிடக்கும் இடம் போல 50 மீற்றருக்கும் கீழே போய், இடையிடையே நின்று ஏறி வந்தவர்கள் ஒரு முழு நாளுக்கு மேலாவது பொறுக்க வேண்டும். இந்தக் கணக்கு சுமார் 600 மீற்றருக்கு மேற்பட்ட உயரங்களுக்குப் பொருந்தும். ஹட்டன், பண்டாரவளை, அப்புத்தளை எல்லாமே இதற்குள் வரும். கண்டி சுமார் 500 மீற்றர்தான். திருகோணமலையிலிருந்து வருகிறவர்கள் ஓர் இரவு கண்டியிலோ மாத்தளையிலோ தங்கிவிட்டு ஏறலாம். மட்டக்களப்பிலிருந்து வருகிறவர்கள் பிபிலை தாண்டி லுணுகலைப் பக்கம் ஏறுமுன் மணி பார்க்க வேண்டும்.

இந்த நோய் வந்தால் அது என்னவென்று பிடிபடாமல் போவதுதான் பெரிய தொல்லை. தோளில், முழங்கையில் ஆழமான வலி இருக்கும், ஆனால் அமுக்கிப் பார்த்தால் அந்த இடம் நோகாது. தோலில் அரிப்பும் கருநீலத் திட்டும் வரும். காரணமில்லாத அசதி, கால் மரப்பு, தலைச்சுற்று, சிறுநீர் போகச் சிரமம் எல்லாம் வரலாம். பஸ்ஸில் கோணலாகத் தூங்கிய வலி என்று வீட்டில் எண்ணெய் தேய்ப்பார்கள். வைத்தியசாலையிலும் பாரம் தூக்கினீர்களா என்று கேட்டுவிட்டு வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது நடக்கிறது. மலையில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றிக் கேட்க யாருக்குத் தோன்றும்?

தாதியரும் இளம் வைத்தியர்களும் கவனிக்க ஒன்று. விரலில் மாட்டும் கருவி 98 சதவீதம் காட்டுகிறது என்று ஒட்சிசனைக் கழற்றிவிடாதீர்கள். இங்கே ஒட்சிசன் கொடுப்பது நைதரசனை வெளியேற்ற. பை வைத்த முகமூடியில் 100 சதவீதம் கொடுங்கள், சமமாகப் படுக்க வையுங்கள், நீராகாரம் கொடுங்கள். பிரசவ அறையில் வலிக்குப் பயன்படுத்தும் என்டனொக்ஸ் வாயு வேண்டவே வேண்டாம், அதிலுள்ள நைட்ரஸ் ஒக்சைட் குமிழைப் பெருக்கும். ஒட்சிசனில் வலி விட்டாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. முழுச் சிகிச்சை அமுக்க அறையில்தான், அந்த வசதி கடற்படையிடம் இருக்கிறது. அனுப்பும் பாதையையும் யோசிக்க வேண்டும். வெலிமடையிலிருந்து கிழக்கே போகும் நோயாளியை நுவரெலியா வழியாக ஏற்றி இறக்காமல் பதுளை, மகியங்கனை வழியாகக் கீழே கொண்டுபோங்கள். மறுபடியும் கடலில் முங்கினால் சரியாகிவிடும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

மலைக்கு வந்த பிறகு உடம்பில் ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். வைத்தியசாலையில் நாங்கள் கேட்கக் காத்திருக்காமல் நீங்களே டைவிங் என்று முதலில் சொல்லுங்கள். எத்தனை மீற்றர், எத்தனை முறை, எத்தனை மணிக்குத் தண்ணீரைவிட்டு வந்தீர்கள், எத்தனை மணிக்கு ஏற ஆரம்பித்தீர்கள் என்பதும் வேண்டும். டைவ் கம்ப்யூட்டர் வாடகைக்கு எடுத்தது என்றால், திருப்பிக் கொடுக்கும் முன் அதன் திரையில் உள்ள பதிவுகளைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.