உதவி கேளுங்கள், நோயாளியின் விவரத்தை அனுப்பாதீர்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தரவுத்தள வேலை பார்ப்பவர்கள் இரண்டு வகை. காலை ரயிலைப் பிடித்துத் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்குப் போகிறவர்களுக்குச் சந்தேகம் கேட்கப் பக்கத்து இருக்கையில் ஆள் உண்டு. மார்த்தாண்டத்தில் ஒரு மருத்துவமனை, தக்கலையில் ஒரு கூட்டுறவுச் சங்கம், நாகர்கோவிலில் ஒரு நகைக்கடை என்று தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. பிரிண்டர் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், கேமரா நின்றாலும் அவரைத்தான். தரவுத்தளம் நின்றால் கேட்கவே வேண்டாம். இவருக்குக் கைகொடுப்பவை வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் இயங்கும் தொழில் குழுக்கள்தாம்.

அந்தக் குழுக்களின் தாராளத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். முகம் பார்த்திராத ஒருவர், ஒரு பைசா வாங்காமல், இரவு பதினொரு மணிக்கு நம் சிக்கலுக்காகக் கண்விழிக்கிறார். இந்தத் தொழிலின் இயல்பே அது. மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் நடத்துகிறவர்களில் ஏராளமானோர் பேக்கப்புக்கும், தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸ்களின் பராமரிப்புக்கும் ஓலா ஹாலன்கிரென் எழுதி இலவசமாகக் கொடுத்த ஸ்கிரிப்டைத்தான் ஓட்டுகிறார்கள். சர்வரில் இந்த நிமிடம் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பார்க்க ஆடம் மெக்கானிக் எழுதிக் கொடுத்த கருவியும் அப்படித்தான். கொடுத்துப் பழகிய கூட்டம் இது.

என் கவலை, கேட்கிற கையிலிருந்து என்ன நழுவுகிறது என்பதில். "அண்ணே, அவசரம், யாராவது பாருங்கள்" என்று ஒரு வரி வரும். அடியில் ஒரு ஸ்க்ரீன்ஷாட். குவரி (தரவுத்தளத்திடம் விவரம் கேட்கும் கட்டளை) மெதுவாக ஓடுகிறது என்பதுதான் கேள்வி. ஆனால் படத்தின் கீழ்ப்பாதியில் புறநோயாளிப் பதிவேடு அப்படியே விரிந்து கிடக்கும். பெயர், வயது, ஊர், செல்போன் எண், என்ன பரிசோதனை, என்ன முடிவு. குழுவில் இருக்கும் அத்தனை பேர் கைபேசியிலும் அந்தப் படம் போய் உட்கார்ந்துவிடும். அனுப்பியவர் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. அவர் கண்ணுக்கு அது வெறும் வரிசைகளும் நெடுவரிசைகளும்தான். அந்த வரிசைக்குள் இருப்பவருக்கு அது அவருடைய வாழ்க்கை.

பெயரைக் கறுப்பாக்கிவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். பெருநகரத்தில் அது ஓரளவு செல்லும். நம் மாவட்டத்தில் செல்லாது. விளை என்று முடியும் ஒரு சிற்றூரின் பெயர், வீட்டுப் பெயர், வயது 43, கணவர் வளைகுடாவில் வேலை என்று நான்கு விவரங்கள் இருந்தால், கருங்கல் பக்கத்து ஆள் ஒருவர் அது யார் என்று அடுத்த நொடியில் சொல்லிவிடுவார். இன்னொன்று, கைபேசியில் இருக்கும் மார்க்கர் பேனாவால் தேய்ப்பது மறைப்பே அல்ல. பல கைபேசிகளில் அந்த மை பாதி ஊடுருவக்கூடியது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது தெரிந்துவிடும்.

படத்தில் தெரிவதாவது கண்ணுக்குத் தெரிகிறது. எழுத்தாக ஒட்டுகிறவற்றில் ஒளிந்திருப்பவை அதைவிட மோசம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில், திரும்ப வரக்கூடாத ஒரு மதிப்பை இரண்டு முறை சேர்க்கப் பார்த்தால், பிழைச் செய்தியின் விவர வரியிலேயே அந்தச் செல்போன் எண்ணோ மின்னஞ்சலோ வந்து நிற்கும். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளமும் அதையே செய்கிறது. குவரி மெதுவாக இருக்கிறது என்று எக்ஸிக்யூஷன் பிளானை, அதாவது தரவுத்தளம் அந்தக் குவரியை ஓட்டும் வழியைக் காட்டும் திட்டத்தை, கோப்பாக அனுப்பினால், எஸ்க்யூஎல் சர்வர் அந்தப் பிளானைத் தொகுத்தபோது பயன்படுத்திய மதிப்புகள் கோப்புக்குள் இருக்கும். இரண்டு கட்டளைகள் ஒன்றுக்காக ஒன்று காத்து நகர முடியாமல் நிற்பது டெட்லாக். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி தரும் டெட்லாக் அறிக்கையில், முட்டிக்கொண்ட இரண்டு கட்டளைகளும் மதிப்புகளோடு இருக்கும். அமைப்புக் கோப்பைப் பாஸ்வேர்டோடு ஒட்டுகிறவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. பேக்கப்பையே டிரைவில் ஏற்றி, இணைப்பு உள்ளவர் எவரும் திறக்கலாம் என்று வைத்து, "ரீஸ்டோர் ஆகிறதா, பாருங்கள்" என்று கேட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று பிளம்பரிடம் சாவிக்கொத்தைக் கொடுத்து அனுப்புவதற்கு ஒப்பானது அது.

அப்படியானால் எப்படித்தான் கேட்பது? உதவுகிறவர் உங்கள் சர்வரைப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. அவர் பார்க்க ஒரு பொம்மை சர்வரைச் செய்து கொடுங்கள். சிக்கல் எந்த அட்டவணையில் இருக்கிறதோ, அதன் அமைப்பை உருவாக்கும் கட்டளையை எழுதுங்கள். தேவையில்லாத நெடுவரிசைகளை நீக்குங்கள். கற்பனையாக ஐந்தாறு வரிசைகளைச் சேருங்கள். உங்கள் குவரி இதில் என்ன தருகிறது, நீங்கள் எதிர்பார்ப்பது என்ன என்று இரண்டையும் எழுதுங்கள். இதைச் செய்து முடிப்பதற்குள் பாதிப் பேருக்கு விடை தானே தெரிந்துவிடும். இரண்டு அட்டவணைகளைச் சேர்க்கும் நிபந்தனையில் ஒரு நெடுவரிசை விட்டுப்போயிருக்கும், அல்லது எண்ணாக இருக்க வேண்டியது எழுத்தாக இருக்கும்.

வேகம் தொடர்பான சிக்கலுக்கு ஐந்து வரிசை போதாது என்பது உண்மைதான். அங்கே வேண்டியது மக்களின் விவரம் அல்ல, அளவுகள். அட்டவணையில் ஏறக்குறைய எத்தனை வரிசைகள், என்னென்ன இண்டெக்ஸ்கள், நேற்று எவ்வளவு நேரத்தில் ஓடியது, இன்று எவ்வளவு ஆகிறது. பிளானை ஒட்டும்போது வடிகட்டும் வரியில் நிற்கும் எண்ணையும் பெயரையும் மாற்றிவிடுங்கள். நல்ல ஆலோசனை தர அவை ஒருபோதும் தேவைப்பட்டதில்லை.

எந்தத் தரவுத்தளம், எந்தப் பதிப்பு என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். டெட்லாக்குக்கு எஸ்க்யூஎல் சர்வர் 1205 என்று எண் கொடுக்கும், மைஎஸ்க்யூஎல் 1213 என்னும், போஸ்ட்கிரெஸ் 40பி01 என்னும். நோய் ஒன்று, எண் மூன்று. "ஏதோ எரர் வருகிறது" என்று மட்டும் எழுதினால் உதவ வந்தவர் குறுக்கு விசாரணை நடத்தியே களைத்துப்போவார். கடைசியாக என்ன மாறியது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். "ஒன்றும் மாற்றவில்லை" என்று தொடங்குகிற உரையாடல், நான் பார்த்தவரை, "நேற்று ஒரு அப்டேட் போட்டேன்" என்றுதான் முடிகிறது.

பதில் சொல்கிறவர்களுக்கும் கடமை உண்டு. மழைக்காலத்தில் மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டு, மறுபடி எழ மறுக்கும் மைஎஸ்க்யூஎல் பற்றி ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்து மின்கம்பங்களைச் சாய்த்துப்போட்ட பிறகு நம் மாவட்டத்தில் பல இடங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்போது இந்தக் கேள்வி எத்தனை பேர் வயிற்றைக் கலக்கியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்கு ஒருவர் போகிற போக்கில் "ஃபோர்ஸ் ரெக்கவரியை 6 என்று வைத்துவிடு" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். பழுதைப் பொருட்படுத்தாமல் மைஎஸ்க்யூஎல்லை எழவைக்கும் அந்த அமைப்பு 1 முதல் 6 வரை செல்வது. 1-இல் தொடங்கித் தேவைப்பட்டால் மட்டும் ஏற்ற வேண்டும் என்றும், 4-ஐயோ அதற்கு மேலோ வைத்தால் தரவுக் கோப்புகள் நிரந்தரமாகச் சிதையலாம் என்றும் கையேடே எச்சரிக்கிறது. முதலில் தரவுக் கோப்பகத்தை அப்படியே நகலெடுத்து வை என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்க்காமல் அந்த எண்ணைச் சொல்வது உதவி ஆகாது. எஸ்க்யூஎல் சர்வரில் பழுது பார்க்கும் கட்டளை ஒன்றின் பெயரிலேயே 'தரவு இழப்பை அனுமதி' என்று இருக்கிறது. அதையும் கூசாமல் பரிந்துரைக்கிறார்கள்.

அடுத்தது கேலி. "இதுகூடத் தெரியாமலா இந்த வேலையில் இருக்கிறாய்?" என்ற ஒரு வரி போதும், அந்தத் தனி ஆள் அடுத்த முறை கேட்கமாட்டார், தானே எதையாவது அழித்துப் பார்ப்பார். போஸ்ட்கிரெஸ் குழுவினர் செய்ததை இங்கே நினைத்துப்பார்க்கலாம். அதன் உயிர்நாடியான பரிமாற்றப் பதிவுகள் (ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் எழுதிவைக்கும் கோப்புகள்) ஒரு காலத்தில் 'பிஜி-எக்ஸ்லாக்' என்ற கோப்பகத்தில் இருந்தன. வட்டு நிறைந்ததும், வெறும் லாக், நடந்ததன் குறிப்புதானே என்று அதைத் துடைத்துவிட்டுத் தரவுத்தளத்தையே பறிகொடுத்தவர்கள் உண்டு. அவர்களை முட்டாள்கள் என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் கோப்பகத்தின் பெயரையே 'பிஜி-வால்' என்று மாற்றினார்கள். லாக் என்ற சொல் அதில் இல்லை. இதைவிட நாகரிகமான பதிலை நான் கண்டதில்லை.

அதே 2017, ஜனவரி 31. மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் இரண்டாம் சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரின் தரவுக் கோப்பகத்தை அழித்துவிட்டார். தினசரி பேக்கப் இருக்கும் என்று போய்ப் பார்த்தால் இல்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 9.6 பதிப்பு, பேக்கப் கருவி 9.2, அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு பிரதி காப்பாற்றியது. மீட்பு வேலையை அவர்கள் யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். உலகெங்கும் இதே தொழிலில் இருந்த பலர் வசைபாடவில்லை, ஆறுதல் சொன்னார்கள். அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் அந்தப் பொறியாளரை 'குழு உறுப்பினர் 1' என்றே குறித்தார்கள். எங்கே ஓட்டை இருந்தது என்பதை முழுக்கச் சொன்னார்கள், ஆளைச் சொல்லவில்லை. நம் குழுக்களில் பல நேரம் இது தலைகீழாக நடக்கிறது.

சில்லறை மரியாதைகளும் உண்டு. ஒரே கேள்வியை நான்கு குழுக்களில் போட்டால் அதைச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நான்கு பேர் ஒரே வேலையைச் செய்வார்கள். உதவியவரைக் கேட்காமல் போனில் அழைக்காதீர்கள். முன்பின் தெரியாதவருக்கு, தூரத்திலிருந்தே உங்கள் கணினியை இயக்கவிடும் எனிடெஸ்க்கின் எண்ணைக் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும். சான்றிதழ்த் தேர்வின் கேள்வித்தாள் கேட்பவர்களுக்கு நான் பதிலே சொல்வதில்லை. தீர்ந்ததும் "நன்றி அண்ணே, சரியாகிவிட்டது" என்பதோடு நிறுத்தாமல், எதனால் வந்தது, எதைச் செய்ததும் போனது என்று இரண்டு வரி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துக் குலசேகரத்தில் ஒருவர் அதைத் தேடி எடுப்பார்.

இனி, படம் ஏற்கெனவே போய்விட்டது என்றால்? பார்த்தவர் குழுவில் வைத்துத் திட்ட வேண்டாம். தனிச் செய்தியில், "தம்பி, படத்தில் நோயாளிகளின் நம்பர் தெரிகிறது, முதலில் அதை எடுத்துவிடுங்கள், பிளானைப் பிறகு பார்க்கலாம்" என்றால் போதும். எல்லோருக்கும் நீக்கினாலும், தானாகச் சேமித்துக்கொண்ட கைபேசிகளில் படம் இருக்கும் என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். படத்தில் பாஸ்வேர்ட் தெரிந்திருந்தால் அன்றிரவே மாற்ற வேண்டும், காலைக்குத் தள்ளக் கூடாது. நிர்வாகத்திடமும் சொல்லியாக வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிப்பதை நிறுவனத்தின் கடமையாக்குகிறது. பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் இடம் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. நிர்வாகம் முடிவெடுக்க அவர்கள் கையில் இருக்க வேண்டியவை: எந்தப் படம், எத்தனை மணிக்குப் போனது, எந்தக் குழு, அதில் எத்தனை உறுப்பினர்கள், அதில் எத்தனை நோயாளிகளின் வரிசைகள் தெரிந்தன.