இலை சாய்ந்தால் வாளியைத் தூக்காதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது சாடி. வெள்ளவத்தையிலிருந்து ஓர் அக்கா முச்சக்கரவண்டியில் கொண்டுவந்து என் நேர்சரி வாசலில் இறக்கினார். “தம்பி, இலை சாய்ஞ்ச நாளிலயிருந்து காலமையும் பின்னேரமும் தண்ணி விடுறன். யூரியாவும் போட்டன். எழும்புதில்ல.” கவிழ்த்தேன். கிழங்கு இருந்த இடத்தில் கூழ்.

கொன்ஜாக் செடியைத்தான் சொல்கிறேன். நம் கிடாரன் கிழங்கின் இனம். ஜப்பானில் இதை மாவாக்கி உண்கிறார்கள். புள்ளி விழுந்த ஒற்றைத் தண்டு, மேலே குடை விரித்தாற்போல் ஒரே இலை. அந்தத் தண்டும் இலைக்காம்புதான். இலை மஞ்சளித்துச் சாய்ந்தால் செடி சாகவுமில்லை, அதற்குத் தாகமுமில்லை. பழைய கிழங்கைத் தின்று, புதுக்கிழங்கை நிரப்பிவிட்டு, சில மாதங்களுக்குப் படுத்துக்கொள்கிறது.

“கொழும்பில குளிர்காலமே இல்லையே, பிறகேன் உறங்கவேணும்?” இதைக் கேட்காத ஆளில்லை. ஐயா, அது குளிருக்குப் பயந்த உறக்கமல்ல, கிழங்கின் சுபாவம். வளவில் நிற்கும் கிடாரனும் இதைத்தான் செய்கிறது. அதன் இலை விழுந்தால் யாராவது வாளியோடு ஓடுகிறோமா? காசு கொடுத்து வாங்கிய செடி என்றதும்தான் கை துறுதுறுக்கிறது. குளிர்நாட்டுக் காணொளிகளில் உறைபனிக்கு முன் உள்ளே எடுக்கச் சொல்வார்கள். நமக்கு உறைபனி ஏது? நமக்கு எதிரி ஒக்டோபர், நவம்பர் மழை. இலையில்லாக் கிழங்கு அந்த ஈரத்தை வைத்து என்ன செய்யும்? அழுகும்.

இலை மஞ்சளித்ததும் தண்ணீரை நிறுத்துங்கள். பசளையும் வேண்டாம். சாடியைச் சாரல் படாத மூலைக்குத் தள்ளுங்கள், அல்லது கிழங்கை எடுத்து நிழலில் காயவிட்டுப் பத்திரிகைத் தாளில் சுற்றி வையுங்கள். கையுறை போடுங்கள், கிடாரன் நறுக்கி அரித்த கைகளுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. முளை தலைகாட்டியதும், அடியில் துளையுள்ள சாடியில், தும்புத்தூளோடு மணலும் கலந்து நடுங்கள். வேர் கிழங்கின் தலைப்பக்கத்தில், முளையைச் சுற்றித்தான் விடும். ஆகவே தயவுசெய்து கொஞ்சம் ஆழமாகப் புதையுங்கள். பெருத்த கிழங்கென்றால் இலைக்கு முதல் பூ வரலாம். செத்த எலி நாற்றம். பிளாட்டில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டுக்கு முதலே சொல்லிவையுங்கள்.

அக்காவின் கூழுக்குள் தேசிக்காய் அளவில் இறுக்கமான ஒரு குட்டிக்கிழங்கு தப்பியிருந்தது. துடைத்துக் காயவைத்து, தாளில் சுற்றி, மேலே ‘தண்ணி விடாதேங்கோ’ என்று எழுதிக் கொடுத்தனுப்பினேன். அடுத்த நாள் காலை தொலைபேசி: “தம்பி, ஒரு கரண்டி மட்டும் தெளிக்கட்டே?”