பழைய டாட்ஜ் வேனில் இழுவை குறைந்தால்

1971 முதல் 2003 வரை தயாரான டாட்ஜ் பி வரிசை வேன்கள் அமெரிக்காவில் சரக்குக்கும் ஆள் ஏற்றவும் ஓடித் தேய்ந்தவை. பலவற்றில் இருப்பது 318 கன அங்குல, அதாவது 5.2 லிட்டர், வி8 இன்ஜின். வார்ப்பிரும்பு பிளாக்; வேளாவேளைக்கு ஆயில் மாற்றினால் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் லேசில் கெடாது. அதற்கு வெகு முன்பே தளர்வது, இன்ஜினின் முன்மூடிக்குள் இருக்கும் குட்டையான டைமிங் செயின். வண்டியின் இழுவை குறையும்; பழி என்னவோ பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டர் மேல்தான் விழுகிறது.

கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பது இந்தச் செயின். செயின் நீண்டுவிட்டது என்கிறோம். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் இணைப்பு ஊசியும் அதன் துளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன, அத்தனையும் சேர்ந்து நீளமாகிறது. இந்த வடிவமைப்பில் தளர்வை இறுக்கிப் பிடிக்க டென்ஷனர் கிடையாது. அதனால் கேம் பின்தங்குகிறது. உள்ளிழுக்கும் வால்வு தாமதமாக மூடுகிறது. குறைந்த வேகத்தில் பிஸ்டன் மேலேறும்போது, உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கு திரும்பி வெளியே போய்விடுகிறது. சுமையோடு நின்று கிளம்பும்போது வண்டி திணறும், வேகம் பிடித்தபின் சமாளித்துவிடும்.

ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவதும் கேம்தான் என்பதால் தீப்பொறியும் தாமதமாகிறது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி அதை மட்டும் சரிசெய்தால் வண்டி ஓரளவு தேறும். ஆனால் வால்வுகள் தாமதமாகவே இருக்கும். அந்த அரைகுறைத் தேறல்தான் பலரை ஏமாற்றுகிறது.

சோதிக்கப் பெரிதாக எதையும் கழற்றிப் போட வேண்டாம். இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கம் இருப்பதால், முன் இருக்கைகளுக்கு நடுவில் உள்ள இன்ஜின் மூடியைத் தூக்கினாலே கைக்கு எட்டும். பேட்டரி ஒயரைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ஒருவர் உள்ளே சுழலும் ரோட்டாரைப் பார்க்க, இன்னொருவர் கிராங்க் போல்ட்டை இன்ஜின் சுற்றும் திசையில் திருப்பி, கிராங்கோடு சுழலும் டைமிங் குறியைப் பூஜ்யத்தில் நிறுத்தட்டும். பிறகு மெல்ல எதிர்த்திசையில் திருப்பி, ரோட்டார் அசையத் தொடங்கும் கணத்தில் நிறுத்திக் குறி எத்தனை டிகிரி நகர்ந்தது என்று பாருங்கள். 5 டிகிரிக்குள் என்றால் கவலையில்லை. 10-ஐ நெருங்கினால் மாற்றிவிடுவதே நல்லது.

இன்ஜின் காற்றை உறிஞ்சும் விசையை அளக்கும் வாக்குவம் மீட்டரும் துணைக்கு வரும். நல்ல இன்ஜின் வண்டி நின்றபடி ஓடும்போது (ஐடில்) 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டும். முள் ஆடாமல் 15-க்குக் கீழே நின்றால் செயின் மேல் சந்தேகப்படலாம். டென்வர் போன்ற மேட்டு நகரங்களில் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய ஓர் அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள்.

முன்மூடியைத் திறந்தபின் இன்னும் துல்லியமாக அளக்கலாம். இதே இன்ஜினின் பிந்தைய வடிவமான 1990-களின் மேக்னம் இன்ஜின்களுக்கான முறை இது: கேம் போல்ட்டில் திருப்பு விசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து 30 அடி-பவுண்டு விசையில் ஒரு பக்கமும் மறுபக்கமும் திருப்ப வேண்டும். செயின் 3.175 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் புதுச் செயின்தான்.

சத்தம் குறைய வேண்டும் என்று பழைய இன்ஜின்கள் பலவற்றில் செயின் ஓடும் கேம் பல்சக்கரத்துக்கு நைலான் பற்களைப் போட்டார்கள். வருடக்கணக்கான சூட்டில் நைலான் மொறுமொறுவென்றாகி உடைகிறது. பிறகு செயின் பல் தாண்டும், வண்டி நடுவழியில் நிற்கும். விழுந்த துண்டுகள் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தால் பேரிங்குகளும் போகும். ஒரு பல் குறைந்திருந்தாலும் இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியை இறக்கிச் சுத்தம் செய்யாமல் மூடக் கூடாது. மாற்றாக முழு இரும்புச் சக்கரங்களும் இரட்டை ரோலர் செயினும் போடுங்கள். செயினை மட்டும் மாற்றுவது வீண்.

பொருத்தும்போது கேம், கிராங்க் சக்கரங்களில் உள்ள அடையாளப் புள்ளிகள் நேருக்கு நேர் நிற்கும்போது ரோட்டார் ஆறாம் சிலிண்டரைக் காட்டும், ஒன்றாம் சிலிண்டரை அல்ல. இது தெரியாமல் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடுங்கி ஒன்றாம் சிலிண்டருக்கு வைத்தால் இன்ஜின் கிளம்பாது. இந்த வேலைக்கு அதைத் தொடவே தேவையில்லை.

முன்மூடி வழியாகவே இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் ஓடுகிறது. கழற்றும்போது அது ஆயில் தொட்டிக்குள் இறங்கிவிடும். முடித்ததும் ஆயிலை மாற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அடுத்து, தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டை எடுங்கள்: பழைய தளர்வை ஈடுகட்ட யாராவது டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைத்திருந்தால், புதுச் செயினோடு தீப்பொறி அளவுக்கு மீறி முந்தும், மேடேறும்போது இன்ஜின் தட்டும்.