சரக்குத் தரகர்: சொல் விளக்கம்

அமெரிக்காவில் கம்பெனி லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் சொந்தமாக வண்டி வாங்கி, தன் பெயரிலேயே போக்குவரத்து உரிமமும் எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வண்டி தயார், லோடுதான் இல்லை. சரக்கு அனுப்பும் ஆலைக்காரர்களுக்கு அவரை யாரென்றே தெரியாது. அந்த நிலையில் அவர் தேடிப்போகிற ஆள்தான் ‘ஃபிரைட் புரோக்கர்’. சரக்கு உள்ளவரையும் வண்டி உள்ளவரையும் சேர்த்துவைப்பது இவர் வேலை. சரக்குக்காரர் இவருக்கு ஒரு தொகை தருவார். இவர் லாரிக்காரருக்கு ஒரு தொகை தருவார். நடுவில் நிற்பது இவர் வருமானம்.

‘ஃபிரைட்’ டச்சுப் பக்கத்திலிருந்து வந்த சொல். ‘விராக்ட்’ என்ற அதன் பழைய வடிவம் கப்பலில் சரக்கு ஏற்றுவதற்கான கூலியைக் குறித்தது. இன்றும் ஆங்கிலத்தில் சரக்குக்கும் அதை ஏற்றிச்செல்லும் கூலிக்கும் இந்த ஒரே சொல்தான். தமிழில் அந்தக் குழப்பம் இல்லை. பொருள் என்றால் சரக்கு, கூலி என்றால் வாடகை. மாட்டுவண்டிக் காலத்து ‘வண்டிச் சத்தம்’ என்ற அழகான வழக்கும் நமக்கு உண்டு. இங்கே சத்தம் என்பது ஒலி அல்ல, வண்டிக்கூலி.

‘புரோக்கர்’ இங்கிலாந்தில் பேசப்பட்ட நார்மன் பிரெஞ்சிலிருந்து வந்தது. பீப்பாயைத் துளைத்து மதுவைச் சில்லறையாக விற்றவரைக் குறித்த சொல்லோடு இதைச் சேர்ப்பார்கள். பிறகு, வாங்கி விற்பவர், பிறருக்காகப் பேரம் பேசுபவர் என்று பொருள் விரிந்தது.

இதற்குத் தமிழ்ச் சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. தரகர் இருக்கிறார். அவர் வாங்கும் கூலி தரகு. மலையாளத்திலும் தரகன் உண்டு; கேரளக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சில அதைப் பட்டப்பெயராகவே வைத்திருக்கின்றன. ஆனால் நம் எழுத்தில் ‘தரகர்’ என்று போடத் தயங்கி, ‘முகவர்’ என்று போட்டுவிடுகிறார்கள். ‘இடைத்தரகர்’ என்ற சொல் செய்திகளில் வசைபோல ஆகிவிட்டதால் வந்த தயக்கம் இது. இந்த இடத்தில் முகவர் என்பது தவறு. தொழில் செய்பவருக்கு நஷ்டம் உண்டாக்கக்கூடிய தவறு.

ஏனென்றால் முகவர் உங்கள் சார்பில் நிற்பவர். தரகர் அப்படியில்லை. அமெரிக்க விதியே இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. கூலி பெற்றுக்கொண்டு, உரிமம் பெற்ற லாரிக்காரர் மூலம் சரக்குப் போக்குவரத்துக்கு ஏற்பாடு செய்பவர் தரகர். முன்பே செய்துகொண்ட ஒப்பந்தப்படி லாரிக்காரர் சொல்கிறபடி வேலை செய்பவர் முகவர். லாரிக்காரருக்காக லோடு பார்த்துக் கொடுக்கும் ‘டிஸ்பேச்சர்’ முகவராக நிற்கலாம். தரகரோ பேரத்தில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர். அவர் முதலில் சொல்கிற வாடகைக்கே தலையாட்டுகிற புதியவர், அவரைத் தன் ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

சரி, தரகரை எங்கே பிடிப்பது? நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ என்றால் புக்கிங் ஆபீஸுக்கு நடந்து போய்க் கேட்கலாம். அமெரிக்காவில், எந்த ஊரில் என்ன லோடு இருக்கிறது என்று போட்டுவைக்கும் ‘லோடு போர்டு’ எனப்படும் லோடுப் பலகையைப் பார்க்க வேண்டும். இன்று அது இணையத்தில் இருக்கிறது. ஆனால் உண்மையான பலகையாகத் தொடங்கியதுதான்: லோடுப் பலகை நடத்தும் டிஏடி நிறுவனத்தின் தொடக்கம் 1978இல், ஓரிகன் மாநிலம் போர்ட்லாந்தில் லாரிகள் வந்து நிற்கும் ஒரு நிறுத்தத்தில். லோடு பிடித்ததும், உரிமக் கடிதம், காப்பீட்டுச் சான்று, வரிப் படிவம் எல்லாவற்றையும் தரகரிடம் கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும். சட்டம் கேட்கும் பொறுப்புக் காப்பீடு பொதுச் சரக்குக்கு 7,50,000 டாலர்தான் என்றாலும் தரகர்கள் பெரும்பாலும் 10 லட்சம் கேட்பார்கள். உரிமம் எடுத்துச் சில மாதங்களாவது ஆகாதவருக்கு லோடு தரமாட்டோம் என்பவர்களும் நிறைய. அதனால் மனம் தளர வேண்டாம். புதியவரை ஏற்கும் தரகர்களும் உண்டு, அவர்களிடம் ஒழுங்காக ஓட்டிய பேர்தான் அடுத்த கதவைத் திறக்கும்.

தரகரையும் சோதித்துத்தான் சேர வேண்டும். அமெரிக்க அரசின் மத்திய மோட்டார் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தில் அவர் பதிவு செய்திருக்க வேண்டும். 75,000 டாலருக்குப் பிணைப் பத்திரமோ, மூன்றாமவர் பொறுப்பில் வைத்த நிதியோ காட்ட வேண்டும். முன்பு இது 10,000 டாலராகத்தான் இருந்தது. 2012ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஏறியது. வாடகை பாக்கி வைத்தால் லாரிக்காரர் கோரிக்கை வைப்பது இந்தப் பணத்தின் மேல்தான்.

அப்புறம் கணக்கு. மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதுபோல, சரக்குக்காரர் கொடுத்த தொகை லாரிக்காரர் கண்ணில் படாமலே போய்விடும். ஆனால் ஒவ்வொரு லோடின் கணக்கையும் தரகர் 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், அந்த லோடில் சம்பந்தப்பட்டவருக்கு அதைப் பார்க்கும் உரிமை உண்டு என்கிறது விதி. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதி வாங்கும் வரி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

கூடவே வரும் இன்னொரு சொல் ‘டபுள் புரோக்கரிங்’. இதை மறுதரகு எனலாம். லாரிக்காரர் என்று சொல்லி லோடை வாங்கியவர், சரக்குக்காரருக்கும் முதல் தரகருக்கும் தெரியாமல் இன்னொரு லாரிக்குத் தள்ளிவிட்டு, பணத்தோடு மறைந்துவிடுவார். ஓட்டியவருக்கு வாடகை வராது. தரகர் வாடகையை எழுதித் தரும் உறுதிச் சீட்டில் உள்ள லாரி நிறுவனத்தின் பெயரையும், சரக்கு ஏற்றுமிடத்தில் தரும் ரசீதில் உள்ள லாரி நிறுவனத்தின் பெயரையும் ஒத்துப் பாருங்கள். ரசீதில் உங்கள் பெயர் இல்லாமல் வேறொரு லாரி நிறுவனம் இருந்தால், வண்டியை எடுக்கும் முன் சரக்குக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.