தாழ்த்திய காருக்கு எத்தனை காற்று?

சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பும் சாலையில் எடைமேடைக்கு அருகே ஒரு பள்ளம் இருக்கிறது. குலை ஏற்றிய லோரிகள் திரும்பித் திரும்பித் தோண்டிய பள்ளம். மழை பெய்துவிட்டால் அதில் செம்மண் தண்ணீர் நிரம்பி, எது சாலை, எது குழி என்று தெரியாது. என் சித்தப்பா மகன், ஸ்பிரிங்கைத் தாழ்த்தி டயரையும் மாற்றிய தன் மைவி காரை அதில் இறக்கிவிட்டான். மறுநாள் காலை பார்த்தபோது முன்பக்க டயரின் பக்கச் சுவரில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம். விரலால் தொட்டேன். சுற்றியுள்ள ரப்பர் விறைப்பாக இருக்க, அந்த இடம் மட்டும் மெத்தென்று இருந்தது.

“காற்று 28 பிஎஸ்ஐதான் வைத்திருந்தேன் அண்ணே. அதற்கு மேல் ஏற்றினால் குலுக்கல் தாங்க முடியவில்லை” என்றான்.

அந்த வீக்கத்துக்குள் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கணக்கு முடிந்தது. குழியின் விளிம்பு டயரை அழுத்தியபோது, ரப்பர் மடங்கி, டயரை மாட்டியிருக்கும் உலோக வளையமான ரிம்மில் போய் முட்டியது. ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே பக்கச் சுவர் கத்தரியில் சிக்கிய துணியைப் போல நசுங்கியது. அதற்குள் ஓடும் பாலியெஸ்டர் நூலிழைகள் சில அறுந்துவிட்டன. உள்ளே இருக்கும் காற்றைப் பிடித்து வைத்திருப்பவை அந்த இழைகள்தாம். அவை அறுந்த இடத்தில் ரப்பர் மட்டுமே மிஞ்சுவதால், காற்று அதை வெளியே தள்ளுகிறது. இதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியாது. அந்த டயரைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

காரைத் தாங்குவது ரப்பர் என்றே பலரும் எண்ணுகிறார்கள். எடையின் பெரும்பகுதியைச் சுமப்பது காற்று. ஓட்டுநரோடு சேர்த்து ஆயிரம் கிலோ எடையுள்ள காரில் ஒரு சக்கரத்துக்குச் சராசரியாக 250 கிலோ. டயரில் 30 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு, அழுத்தம் இருந்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் ஏறத்தாழ 2.1 கிலோ எடையைத் தாங்கும். வகுத்துப் பாருங்கள்: சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு சுமார் 118 சதுர சென்டிமீட்டர், விரல்களைச் சேர்த்து வைத்த ஒரு கையின் அளவு. பக்கச் சுவரின் விறைப்பும் கொஞ்சம் சுமப்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் பிரேக் பிடிப்பதும் வளைவில் திரும்புவதும் மழையில் நிற்பதும் நான்கு கையளவு ரப்பரால்தான் நடக்கின்றன. காற்றைக் குறைத்தால் அந்தக் கை அகலும், கூட்டினால் சுருங்கும்.

இனி டயரை மாற்றியவர்களின் கதைக்கு வருவோம். தம்பியின் காரில் முதலில் இருந்தது 175/65 ஆர்14. அவன் போட்டது 195/45 ஆர்16. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பழைய டயரின் முழு விட்டம் 583 மில்லிமீட்டர், புதியது 582. ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், வேகமானி பொய் சொல்லாது. அளவைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான். ஆனால் பக்கச் சுவர் 114 மில்லிமீட்டரிலிருந்து 88 ஆகக் குறைந்துவிட்டது. பள்ளத்தை விழுங்க இருந்த மெத்தையில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. மெத்தை மெலிந்த பிறகு அதில் காற்றையும் குறைத்தால், ரிம் சாலையைத் தொட அதிக நேரம் ஆகாது.

எவ்வளவு கூட்டுவது? நண்பன் சொன்ன எண்ணை வைத்துக்கொள்ளாதீர்கள். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் ‘அதிகபட்ச அழுத்தம்’ என்ற எண்ணையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அது அந்த டயர் எதுவரை தாங்கும் என்பதற்கான எல்லை மட்டுமே. உங்கள் காரின் எடை அதற்குத் தெரியாது. காரின் எடையை அறிந்து எழுதிய எண் ஓட்டுநர் கதவை ஒட்டிய சட்டத்தில் ஒட்டுத்தாளாக இருக்கிறது. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்த எண் 210 கிலோபாஸ்கல், அதாவது 30 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்வோம். டயரின் அளவுக்குப் பின்னால் 82, 80, 84 என்று ஓர் எண் இருக்கும். அது சுமைக் குறியீடு. 82 என்றால் 475 கிலோ, 80 என்றால் 450 கிலோ, 84 என்றால் 500 கிலோ. ஆனால் இது முழு அழுத்தத்தில் தாங்கும் எடை. ஐரோப்பியத் தரக் கணக்கில் சாதாரண டயருக்கு அந்த முழு அழுத்தம் 250 கிலோபாஸ்கல், ‘எக்ஸ்எல்’ என்று குறித்த கூடுதல் சுமை டயருக்கு 290. அழுத்தம் குறைந்தால் தாங்கும் எடையும் குறையும், இருக்கும் அழுத்தத்தை முழு அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதத்தின் 0.8 அடுக்காக. பழைய டயர் (82) 210 கிலோபாஸ்கலில் தாங்கியது சுமார் 413 கிலோ. அதே 413 கிலோவைக் குறியீடு 80 உள்ள புதிய டயர் தாங்க வேண்டுமானால் ஏறத்தாழ 225 கிலோபாஸ்கல் தேவை. குறியீடு 84 உள்ள எக்ஸ்எல் டயருக்கு ஏறத்தாழ 228. இரண்டுமே 33 பிஎஸ்ஐக்குப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. எக்ஸ்எல் டயர் வலுவானது, அதனால் குறைவாக வைக்கலாம் என்று டயர் கடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். கணக்கு அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது.

ஆக, தம்பிக்கு வேண்டியது 33. அவன் வைத்திருந்தது 28.

பின்பக்கத்தில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி வைத்திருப்பவர்கள் அந்த எடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு ஐந்து பேராக பத்துமலைக்குப் புறப்பட்டால், ஒட்டுத்தாளில் முழுச் சுமைக்கென்று தனியாக எழுதியிருக்கும் எண்ணை எடுத்து இதே விகிதத்தில் கூட்டிக்கொள்ளலாம்.

குறைந்த காற்றின் பெரிய ஆபத்து சூடு. டயர் உருளும்போது ஒவ்வொரு சுற்றிலும் அடிப்பகுதி மடங்கி நிமிர்கிறது. மடக்கச் செலவாகும் ஆற்றல் முழுவதும் நிமிரும்போது திரும்பி வருவதில்லை. மீதி சூடாகிறது. காற்று குறைந்தால் மடிப்பு கூடும், சூடும் கூடும். வெகுநேரம் நெடுஞ்சாலையில் ஓடி வெடிக்கும் டயர்களில் பலவற்றின் கதை இதுதான். இந்த மடிப்பில் குறைவாகச் சூடேறும் குணம் இயற்கை ரப்பருக்கு உண்டு. அதனால்தான் லோரி டயரிலும் விமான டயரிலும் பால்மரத்துப் பால் இன்றும் இடம்பிடித்திருக்கிறது. லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகளை 1877இல் நட்ட கோலகங்சார் நமக்கு அடுத்த ஊர். பால் வெட்டிய வீடுகளில் பிறந்தவர்கள் டயரை அலட்சியமாகப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சூடு அளவீட்டையும் குழப்பும். மூடிய டயருக்குள் வெப்பம் 10 பாகை உயர்ந்தால் அழுத்தம் ஏறத்தாழ 10 கிலோபாஸ்கல், ஒன்றரை பிஎஸ்ஐ, ஏறும். ஆகவே ஈப்போ வரை ஓடிவிட்டுப் பெட்ரோல் நிலையத்தில் அளந்து, “கூடுதலாக இருக்கிறதே” என்று காற்றை இறக்குவது பெருந்தவறு. ஆறிய பிறகு அது தேவைக்குக் கீழே போய்விடும். மூன்று மணி நேரமாவது நின்ற காரில், வெயில் ஏறுமுன், பசியாறுவதற்கு முன்பே அளப்பது நல்லது. நைட்ரஜன் அடைத்தால் இந்தத் தொல்லை இல்லை என்பார்கள். காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். சூட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி விரிகின்றன.

மழையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, நம் பேராக்கில் பிற்பகல் மழை எப்படிக் கொட்டும் என்பது தெரிந்ததே. நாசாவின் வால்டர் ஹார்ன் 1963இல் விமான டயர்களைக் கொண்டு ஓர் உறவைக் காட்டினார்: தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அந்தச் சூத்திரப்படி 30 பிஎஸ்ஐயில் மணிக்கு 91 கிலோமீட்டர், 24 பிஎஸ்ஐயில் 82. காருக்கு இது திசைகாட்டி மட்டுமே. பள்ளக் கோடுகள் ஆழமாக உள்ள டயர் இன்னும் தாக்குப்பிடிக்கும், தேய்ந்த அகல டயர் அதற்கு முன்பே வழுக்கும். மெனோரா சுரங்கப் பாதைக்கு அருகே இறக்கத்தில் மழையில் போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

அப்படியானால் 40 வைத்துவிடலாமே என்று கேட்கலாம். ரிம் தப்பும். ஆனால் தொடும் பரப்பு சுருங்கி, நடுப்பகுதி சீக்கிரம் தேயும். தோட்டத்து மேடுபள்ளத்தில் டயர் சாலையை ஒட்டி ஓடாமல் துள்ளும். துள்ளும் டயரால் பிரேக் பிடிக்க முடியாது.

புதிய டயர் போட்ட ஞாயிற்றுக்கிழமை தம்பியும் நானும் கோயிலுக்கு முன்னால் உள்ள தார்ச்சாலையில் சோதித்துப் பார்த்தோம். குளிர்ந்த நிலையில் 33. டயரின் குறுக்கே சுண்ணக்கட்டியால் தடிமனாகக் கோடு போட்டு, நேராகச் சிறிது தூரம் ஓட்டினான். நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் அழிந்து நடு மிஞ்சினால் குறைவு. எஃகுப் பட்டை உள்ள ரேடியல் டயரில் இது நுட்பமான சோதனை இல்லை, ஆனாலும் பெரிய பிழையைக் காட்டிக்கொடுக்கும். பிறகு ஈப்போ போய் வந்ததும் அளந்தோம்: 37. நான்கு பிஎஸ்ஐ ஏற்றம் இயல்பானது. அதைவிட வெகுவாக ஏறியிருந்தால், டயர் அளவுக்கு மீறி மடங்கிச் சூடாகிறது என்று பொருள்.

சுண்ணக்கோடு நடுவிலும் வெளி ஓரத்திலும் சீராகவே மங்கியிருந்தது. உள் ஓரத்தில் மட்டும் துடைத்து எடுத்ததுபோல் போயிருந்தது. “இன்னும் ரெண்டு ஏற்றிப் பார்க்கலாமா அண்ணே?” என்றான். குனிந்து முன்னாலிருந்து பார்க்கச் சொன்னேன். ஸ்பிரிங்கைத் தாழ்த்தியதில் சக்கரங்களின் தலை உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்தத் தேய்மானத்தைக் காற்றால் சரிசெய்ய முடியாது. திங்கட்கிழமை சக்கரக் கோணம் பார்க்கும் கடைக்குப் போகிறான்.